சாம்பல் தாயின் நான்கு துண்டுகள்

என் முழுப்பெயர், தந்தை பெயர், வீட்டு எண் ஆகியவை முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன. வயது இருபத்து நான்கு. முதுகலை இரண்டாம் ஆண்டில் படிப்பை நிறுத்திவிட்டேன். சலவைக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் என் அக்காவுடனும் அவள் கணவருடனும் வசிக்கிறேன். அக்காவின் கணவரை மாமா என்று கூப்பிடுவேன். இதிலும் அப்படியே சொல்கிறேன். மாமாவின் கடைக்கு வருகிறவர்கள் என்னை லென்ஸ் என்பார்கள். விசாரணை அதிகாரியும் இரண்டு முறை அப்படிக் கூப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மாமா இப்போது இதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் காவலில் இருக்கிறார். சென்ற ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணி அளவில் அவருடைய கடையில் ஒருவரின் வலது கை விரல்கள் வெட்டுப்பட்டன. தாள் வெட்டும் கட்டரின் கத்தி தானாக விழுந்தது என்று மாமா சொல்லியிருக்கிறார். மாமாதான் வெட்டினார் என்று விரல் போனவர் சொல்லியிருக்கிறார். இரண்டில் எது என்று சொல்வதற்காக நான் சாட்சியாக அழைக்கப்பட்டேன்.

கடை, மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே முதல் மாடியில் இருக்கிறது. முன்பக்கம் விற்பனை. பின்பக்கம் நீளமான கூடம், பதினாறு மேசை. கற்பனை மிருகங்களின் படம் போட்ட விளையாட்டுக் கார்டுகள் விற்கிறோம். ஒரு கார்டில் மேலே பெயர், நடுவில் படம், படத்துக்குக் கீழே அந்த மிருகத்தின் சக்தி என்னவென்று இரண்டு வரி, மூலையில் அதன் பலத்துக்கு ஓர் எண். அறுபது கார்டு சேர்ந்தால் ஒரு கட்டு. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து தங்கள் மிருகங்களை ஒவ்வொன்றாகக் களத்தில் இறக்கி மோதவிடுவார்கள். சின்னப் பிள்ளைகள் விளையாட்டு என்று அதிகாரி சொன்னார். எங்கள் ஞாயிறு போட்டிக்கு வருகிறவர்களில் முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்கள் என்னையும் சேர்த்து ஐந்து பேர்.

என் வேலை போலிக் கார்டைக் கண்டுபிடிப்பது. கூடத்தின் கோடியில் எனக்குத் தனி மேசை. அதன்மேல் விளக்கு, லென்ஸ், சின்ன எலக்ட்ரானிக் தராசு, டார்ச். மேசையின் வலது ஓரத்தில் கட்டர் திருகி மாட்டப்பட்டிருக்கிறது. மூடிவிட்ட ஓர் அச்சகத்திலிருந்து மாமா வாங்கி வந்தது. ஒரு முழ நீளக் கத்தி, கைப்பிடியோடு. ஒவ்வொரு முறை மேலே தூக்கியதும் ஒரு கொக்கி தானாக மாட்டிக்கொள்ளும். இடது கையால் கொக்கியை நெம்பி விடுவித்துக்கொண்டே வலது கையால் கைப்பிடியை இழுத்தால்தான் கத்தி இறங்கும். ஒரு கையால் முடியாது. மாதம் ஒரு முறை கத்தியைத் தீட்டுவதும் கொக்கியின் திருகை முடுக்குவதும் நான். இந்த மாதம் மூன்றாம் தேதி முடுக்கினேன்.

கூடத்தின் சுவரில் விதி எழுதி மாட்டியிருக்கிறது. ஆட்டத்தின் நடுவில் எதிராளியின் கார்டு மேல் சந்தேகம் வந்தால் அதன்மேல் உள்ளங்கையை வைத்து ‘சோதனை’ என்று சொல்ல வேண்டும். ஆட்டம் நிற்கும். கார்டு என் மேசைக்கு வரும். அசல் என்றால் கை வைத்தவர் தோற்றவர். போலி என்றால் கார்டுக்காரர் தோற்றவர். அதோடு அந்தக் கார்டை எல்லார் முன்னிலையிலும் நான் குறுக்கே ஒரு முறை, நெடுக்கே ஒரு முறை வெட்டி நான்கு துண்டாக்குவேன். உள்ளே வரும்போதே எல்லோரும் இதற்குக் கையெழுத்துப் போடுகிறார்கள். வெட்டும்போது கூட்டம் எண்ணும். ஒண்ணு. ரெண்டு. பிறகு கைதட்டும். மூன்று வருடத்தில் நாற்பத்தொரு கார்டு வெட்டியிருக்கிறேன். எனக்கு அது பிடிக்கும்.

அசல் கார்டில் மூன்று அடுக்கு. நடு அடுக்கு கறுப்புத் தாள்; பழைய ஆட்டக்காரர்கள் சிலருக்கு இது தெரியும். கார்டின் ஓரங்களை அழுத்தி மூடியிருப்பதால் வெளியிலிருந்து தெரியாது; வெட்டிய ஓரத்தில் மட்டும் முடி அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு தெரியும். போலியில் தெரியாது. எனவே ஒரு கார்டு அசலா என்று கொஞ்சமும் சந்தேகமில்லாமல் தெரிந்துகொள்ள ஒரே வழி அதை வெட்டிப் பார்ப்பதுதான். இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானாகவும் சொன்னதில்லை.

காயம்பட்டவர் தச்சர். வயது நாற்பது இருக்கும். கடையில் அவருக்கு உளி என்று பேர். எல்லோரையும்விடப் பெரிய கைகள். அந்தக் கைகளால் கார்டை ஈர அப்பளத்தை எடுப்பதுபோல எடுப்பார். இரண்டு வருடமாக வருகிறார். என்னைத் தம்பி என்பார். என் மேசை ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்து, யாரும் கேட்காமலேயே ஒருநாள் காலுக்குக் கட்டை வைத்து ஆட்டத்தை நிறுத்தினார். அவருக்கும் எனக்கும் முன்விரோதம் எதுவும் கிடையாது. மாமாவுக்கும் கிடையாது.

சம்பவ நாளன்று காலை பத்து மணிக்குப் போட்டி தொடங்கியது. ஒன்றேகால் மணிக்கு அரையிறுதி. ஒரு மேசையில் தச்சரும், சித்தப்பா என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒருவரும் உட்கார்ந்தார்கள். அவர் அங்கே யாருக்கும் சித்தப்பா இல்லை. பேருந்து பணிமனையில் வேலை. வாய் அதிகம். அவர் களத்தில் ஐந்து மிருகங்கள் நின்றன. தச்சரின் களம் காலி. தோற்றுவிட்டார் என்றுதான் சுற்றி நின்றவர்கள் நினைத்தார்கள். அதன் பிறகு தச்சர் தன் கையிலிருந்து ஒரு கார்டை எடுத்து மேசையில் வைத்தார். சாம்பல் தாய்.

அது முதல் அச்சில் மட்டும் வந்த கார்டு. பிறகு அச்சிடவில்லை. எரிந்த காட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகை. மடியில் குட்டிகள். கீழே எழுதியிருப்பது: இவள் வீழ்ந்தால் எதிரியின் களத்தில் நிற்கும் எல்லாம் இவளோடு வீழும். எங்கள் கூடத்தில் யாரும் அதை நேரில் கண்டதில்லை. நானும் கண்டதில்லை. படத்தில் பார்த்திருக்கிறேன். எந்தக் கார்டையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

கூட்டம் எழுந்து அந்த மேசையைச் சூழ்ந்தது. சித்தப்பா தன் ஐந்து மிருகங்களையும் ஒரு முறை பார்த்தார். அதன் பிறகு உள்ளங்கையைக் கார்டின் மேல் வைத்து, “சோதனை” என்றார்.

“கைய எடு சித்தப்பா, வேர்வை படுது” என்றார் தச்சர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

கார்டை அவரே என் மேசைக்குக் கொண்டு வந்தார். தராசில் வைப்பதற்கு முன்பே, “தம்பி, வார்னிஷ் பூசியிருக்கேன். எடை கொஞ்சம் கூடக் காட்டும்” என்றார்.

“கார்டுக்கு எதுக்குண்ணே வார்னிஷ்?”

“மூலை தேய ஆரம்பிச்சுது. ஒண்ணுமேல ஒண்ணா மூணு கோட்டு அடிச்சேன். பொட்டிக்கும் அதத்தான் பண்றோம்.”

பின்னாலிருந்து சித்தப்பா, “அப்படியே ரெண்டு கீலும் ஒரு தாழ்ப்பாளும் போட்டிருக்கலாமே உளி” என்றார்.

கூடம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

எடை இரண்டு கிராமுக்கு மேல் காட்டியது. அசலுக்கு ஒன்று புள்ளி எட்டு. டார்ச் அடித்துப் பார்த்தேன். வெளிச்சம் ஊடுருவவில்லை. அது அசலின் அடையாளம். கெட்டியாக எதைப் பூசினாலும் வெளிச்சம் நிற்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வார்னிஷ் வெளிச்சத்தை நிறுத்தாது என்பது அப்போதும் எனக்குத் தெரியும். அதன் பிறகு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அசலில் எழுத்து ஒரே கறுப்பாக இருக்கும். போலியில் புள்ளிபுள்ளியாக உடைந்திருக்கும். இதில் தூரிகை போன தடமும் மஞ்சளும்தான் தெரிந்தன. அவற்றுக்கு அடியில் எழுத்தின் ஓரம் உடைந்ததுபோல இருந்தது. அல்லது உடைந்ததுபோல நான் பார்த்தேன்.

“ஸ்பிரிட்ட பஞ்சுல தொட்டு ஒரு மூலையத் தேச்சுப் பாரு தம்பி. போயிடும்” என்று தச்சர் சொன்னார்.

ஸ்பிரிட் பாட்டில் மேசை இழுப்பறையில் இருந்தது. இரண்டு நிமிட வேலை. இழுப்பறையை நான் திறக்கவில்லை. ஏன் என்று அதிகாரி கேட்டார். தச்சர் சொல்லி நான் செய்தால் சோதிக்கிறவர் அவராகிவிடுவார் என்று தோன்றியது. அது ஒரு காரணம். சுற்றிலும் முப்பது பேர் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது இன்னொன்று. இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மாமா விற்பனைப் பக்கத்திலிருந்து, “மாப்ளே, ஆச்சா இல்லையா? அடுத்த ஆட்டம் காத்துக்கிட்டிருக்கு” என்று குரல் கொடுத்தார்.

“ஆச்சு மாமா. போலி” என்றேன்.

தச்சர் கத்தவில்லை. “நல்லாப் பாரு தம்பி. பதினாலு வயசுல நானே பாக்கெட்டப் பிரிச்சு எடுத்தது” என்றார். “எல்லாரும் அப்படித்தாண்ணே சொல்றாங்க” என்றேன். அதற்கும் சிரித்தார்கள். அதன் பிறகு அவர் சுவரில் இருந்த விதியைப் பார்த்தார். ஓரடி பின்னால் போய் நின்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். வகுப்பில் தண்டனைக்கு நிறுத்தி வைக்கப்பட்டவர்போல நின்றார்.

கார்டைக் குறுக்கே வைத்து வெட்டினேன். ஒண்ணு என்று கூட்டம் சொன்னது. வெட்டிய பாதி என் பக்கம் சாய்ந்து விழுந்தது. ஓரத்தில் கறுப்புக் கோடு. முழு நீளத்துக்கும்.

இரண்டு வெட்டுக்கும் நடுவில் நான்கைந்து நொடி இருக்கும். நிறுத்தியிருக்கலாம். தப்பாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இதுவரை வெட்டிய நாற்பத்தொன்றையும் கேட்பார்கள் என்று நினைத்தேன். அதில் ஒன்றிரண்டு முகங்கள்கூட நினைவுக்கு வந்தன. அந்த நான்கைந்து நொடியில் இவ்வளவுக்கும் நேரம் இருந்தது. அதன் பிறகு இரண்டு பாதியையும் சேர்த்து அடுக்கி, நெடுக்கே திருப்பி வைத்து, கொக்கியை நெம்பி, வெட்டினேன். ரெண்டு என்றார்கள். கைதட்டினார்கள்.

தச்சர் முன்னால் வந்து நான்கு துண்டையும் பொறுக்கி உள்ளங்கையில் வைத்தார். விளக்குக்குக் கீழே கொண்டுபோய் ஓரத்தைப் பார்த்தார். ஒரு துண்டு. பிறகு இன்னொரு துண்டு. நான்கையும் பார்த்தார்.

“இதுல கோடு இருக்கு” என்றார். யாரிடமும் சொல்லவில்லை.

சித்தப்பா அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, “விடு உளி. ஒட்டி வெச்சு நாலாவது கோட்டு அடி” என்றார்.

தச்சர் திரும்பி முழங்கையால் அவர் முகத்தில் இடித்தார். மூக்கு உடைகிற சத்தம் கேட்டது. சித்தப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு தச்சர் மேசையைத் தாண்டி என் தலைமயிரைப் பிடித்து முகத்தைத் தராசின் மேல் மோதினார். இரண்டு முறை. மூன்றாவது முறை மோதியதில் மேல் உதடு கிழிந்து ஒரு பல் நாக்கின்மேல் வந்து விழுந்தது. அவர் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

அதன் பிறகு மாமா ஓடிவந்து பின்னாலிருந்து அவர் கழுத்தைக் கட்டிப் பிடித்தார். இன்னும் நான்கைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். தரையில் தள்ளினார்கள். உதைத்தார்கள். யாரோ மடக்கு நாற்காலியால் முதுகில் அடித்தார்கள். அடித்தவர்கள் யார் யார் என்று தனித் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நானும் உதைத்தேன். விலாவில் மூன்று, காதுக்கு மேலே ஒன்று. மேசைகள் சரிந்து கார்டுகள் தரையெல்லாம் இறைந்தன. அடிக்காதவர்கள் தடுக்கவில்லை. அவர்கள் குனிந்து உதைக்கிற கால்களுக்கு நடுவே கையை விட்டுத் தங்கள் கார்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். “ரத்தம் படுது, ரத்தம் படுது” என்று ஒருவர் கத்தினார். கார்டுகளைச் சொன்னார்.

தச்சர் இரண்டு முறை எழுந்தார். இரண்டாவது முறை எழுந்தபோது ஒருவருடைய முன்கையைக் கடித்துச் சதையைப் பிய்த்துவிட்டார். அதன் பிறகு மாமாவும் இன்னொருவரும் அவரை இழுத்து வந்து என் மேசையில் குப்புறச் சாய்த்தார்கள். அவர் முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. மாமா முழங்காலை அவர் முதுகில் ஊன்றி, வலது மணிக்கட்டைப் பிடித்து மேசையோடு அழுத்தினார். அழுத்திய இடம் கட்டரின் பலகை. வேண்டுமென்று அங்கே வைத்தாரா என்று கேட்டீர்கள். இல்லை. மேசையில் வேறு இடம் இல்லை. தராசும் விளக்கும் உடைந்து கிடந்தன. கத்தி மேலே தூக்கி, கொக்கி மாட்டி இருந்தது. நான் கட்டருக்கு இந்தப் பக்கம், எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றேன்.

“மன்னிப்புக் கேட்டுட்டுக் கெளம்பு. போலீஸு கீலீஸுன்னு போக வேணாம்” என்று மாமா சொன்னார். அவருக்கும் மூச்சு வாங்கியது.

தச்சர், “தம்பி, நீ பாத்த” என்றார்.

வாய் மேசையில் அழுந்தியிருந்ததால் எனக்கு மட்டும்தான் கேட்டது.

“மொத வெட்டுலயே பாத்த. கோடு இருந்துச்சு. பாத்துட்டுத்தான் ரெண்டாவது வெட்டுன. சொல்லு தம்பி.” இந்த முறை கொஞ்சம் சத்தமாக இருந்தது. பக்கத்தில் கார்டு பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவர் தலை நிமிர்ந்தார். “என்னா கோடு?” என்று கேட்டார்.

மாமா, “போதும்டா, எல்லாரும் விடுங்க. யாராவது தண்ணி கொண்டாங்க” என்றார். கூடப் பிடித்திருந்தவர் தண்ணீருக்குப் போனார்; தலை நிமிர்ந்தவர் மறுபடி தரையில் குனிந்துவிட்டார். மாமா பிடியைத் தளர்த்திக்கொண்டிருந்தார். இதை நான் நிச்சயமாகச் சொல்ல முடியும். மணிக்கட்டில் அவர் விரல்கள் அழுந்தியிருந்த இடத்தில் வெள்ளைத் தடம் தெரிந்தது.

தச்சர் மூச்சை இழுத்தார். அடுத்த முறை கூடம் முழுக்கக் கேட்கும்படி சொல்லப்போகிறார் என்று அந்த மூச்சிலேயே தெரிந்தது.

நான் இடது கையால் கொக்கியை நெம்பி வலது கையால் கைப்பிடியை இழுத்தேன்.

கார்டுக்கு இழுப்பதைவிட அதிகமாக இழுக்க வேண்டியிருந்தது. பாதியில் நின்றது. உடம்பின் எடையைக் கொடுத்து அழுத்தினேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தனியாக வந்துவிட்டன. மோதிர விரல் தோலில் தொங்கியது. அவர் உடனே கத்தவில்லை. கையை இழுத்துத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அதன் பிறகுதான் கத்தினார். யாரும் எண்ணவில்லை.

தச்சருக்கு முகம் சுவர்ப் பக்கம் இருந்ததால் யார் இழுத்தது என்று தெரியாது. மணிக்கட்டைப் பிடித்திருந்தவர் மாமா என்பதால் அவரைச் சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா மட்டும் பார்த்தார். முதலில் கைப்பிடியைப் பார்த்தார், அதன் பிறகு என்னைப் பார்த்தார். என் பெயரைச் சொன்னார். மூன்று வருடத்தில் கடைக்குள் அவர் என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

விரல்களை ஐஸில் வைக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். கீழே குளிர்பானக் கடையில் ஐஸ் வாங்கி வந்தார்கள். போட்டு எடுத்துப்போகச் சுத்தமாக எதுவும் இல்லை. விலை உயர்ந்த கார்டுகளை வைத்துக் கொடுக்கும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை மாமா உறை பிரித்து எடுத்தார். அதில் இரண்டு விரலையும் வைத்து மூடி ஐஸ் பைக்குள் வைத்தார். நான் எடுத்துக் கொடுத்தேன். நடுவிரல் நகத்துக்கு அடியில் வார்னிஷ் கறை இருந்தது. மருத்துவமனையில் அவற்றைத் திரும்பப் பொருத்த முடியவில்லை என்று அறிகிறேன். மோதிர விரலையும் எடுத்துவிட்டார்கள் என்று அதிகாரி சொல்லித் தெரிந்துகொண்டேன். பெருவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். அவர் வலது கைக்காரர்.

ஆம்புலன்ஸ் போன பிறகு மாமா என்னைப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போய், “நீ அந்தப் பக்கமே நிக்கல. உதட்டுல ரத்தம்னு பாத்ரூமுல இருந்த. லாக்கு லூசு. தானா எறங்கிடுச்சு. புரியுதா மாப்ளே?” என்றார்.

“மாமா, நான்…”

“வாய மூடு. உங்கக்கா மூஞ்சில நான் முழிக்கணும்.”

அரை மணி நேரத்தில் காவலர்கள் வந்து அவரை அழைத்துப் போனார்கள். கடையைப் பூட்டுவதற்கு முன் என் மேசைக்குக் கீழே கிடந்த நான்கு துண்டுகளையும் எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலை வீட்டுச் சமையலறை மேடையில் வைத்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒரு துண்டின் மூலையைத் தேய்த்தேன். வார்னிஷ் மஞ்சளாகப் பஞ்சில் வந்தது. கீழே எழுத்து ஒரே கறுப்பாக, உடையாமல் இருந்தது. நேரம் பார்த்தேன். ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. நான்கு துண்டுகளையும் ஓர் உறையில் போட்டு இன்று அதிகாரியிடம் ஒப்படைத்துவிட்டேன். அவை தச்சரின் பொருள்.

அக்கா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இன்று காலை என் சட்டைக்கு அவளே பொத்தான் போட்டுவிட்டாள். உதட்டில் தையல் இருப்பதால் நான் அதிகம் பேச வேண்டாம், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்றாள். “லாக்கு லூசா இருந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லுடா. அவரு கோவக்காரருதான், ஆனா அப்படி வெட்டுற ஆளா? நீயே சொல்லு” என்றாள்.

“இல்லக்கா. மாமா வெட்டல” என்றேன்.

“அதத்தான் போய்ச் சொல்லு” என்றாள். என் தலையைத் தடவினாள். உதைத்தது யார், மோதியது யார் என்றெல்லாம் கேட்டவள், கட்டருக்குப் பக்கத்தில் யார் நின்றார்கள் என்று மட்டும் கேட்கவில்லை. அவளுக்கு அது தோன்றியிருக்காது.

காயம்பட்டவரும் உன்னைச் சொல்லவில்லை, கைதானவரும் சொல்லவில்லை, பிறகு நீயாக ஏன் சொல்கிறாய் என்று அதிகாரி கேட்டார். கூடத்தில் நான் போலி என்று சொன்னால் போலி. யாரும் திருப்பிக் கேட்டதில்லை. கொக்கி தளர்ந்திருந்தது என்று இங்கே சொன்னாலும் எழுதிக்கொள்வீர்கள். அதைப் பராமரிக்கிறவனே சொல்கிறான் என்று நம்புவீர்கள். காலையில் பேருந்தில் வரும்போது அது எவ்வளவு சுலபம் என்று நினைத்துப் பார்த்தேன்.

தச்சர் மேல் கோபத்தில் செய்தாயா என்றும் கேட்டார். உதைத்தபோது கோபம் இருந்தது. கொக்கியை நெம்பியபோது இல்லை. பல் போன இடமும் வலிக்கவில்லை. அவர் மூன்றாவது முறை சொல்லக் கூடாது. அது மட்டும்தான் இருந்தது. விரல் போன பிறகு அவர் கறுப்புக் கோட்டைப் பற்றிப் பேசவில்லை. காவல்துறையிடமும் பேசவில்லை என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். வலியில் மறந்திருக்கலாம். அல்லது மூன்று விரல் போன பிறகு கார்டைப் பற்றிப் பேச வெட்கப்பட்டிருக்கலாம். எனவே அவர் சொல்ல வந்ததை அவருக்காக இங்கே நான் சொல்கிறேன். கார்டு அசல். முதல் வெட்டிலேயே பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் இரண்டாவது வெட்டினேன். பார்த்ததை அவர் சொல்லிவிடாமல் இருக்க மூன்றாவது வெட்டினேன்.

இதைச் சொல்லும்படி யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை, எதையும் தருவதாகச் சொல்லவில்லை. எனக்கு எதிராக இது பயன்படும் என்று ஆரம்பத்திலும் நடுவிலும் இரண்டு முறை எச்சரித்தார்கள். நடுவில் தண்ணீர் கொடுத்தார்கள்.

அக்கா வெளியே நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். இனி நீ இங்கிருந்து வீட்டுக்குப் போக முடியாது, கையெழுத்துக்கு முன்னால் அவளை ஒரு தடவை உள்ளே கூப்பிடவா என்று அதிகாரி கேட்டார். வேண்டாம் என்றேன். அவள் முகத்தைப் பார்த்தால் கொக்கி தளர்ந்திருந்தது என்று சொல்லிவிடுவேன். முதலில் கையெழுத்து. பிறகு கூப்பிடுங்கள்.

இந்த ஆறு தாள்களும் எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டப்பட்டன. நான் சொன்னவைதான் இதில் இருக்கின்றன. நான் சொல்லாதது எதுவும் இல்லை. உண்மை என்று அறிந்தே ஒவ்வொரு தாளின் கீழும் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)

என் முன் பதிவு செய்யப்பட்டது. விசாரணை அதிகாரி.
(ஒப்பம்)